பாட்டு நடுவே பெண் கேட்டது

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் சுகமாக இருப்பதாக முந்தாநாள்தான் போனில் சொன்னாய். அதற்குள் கெட்டுப்போக நேரம் இல்லை என்பதால் நலம் விசாரிப்பதை இத்துடன் முடித்துக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்காதே. உன் போன் எந்நேரமும் ஸ்பீக்கரில் இருக்கும், உங்களோடு இருக்கும் அப்பா பக்கத்து அறையிலிருந்து கேட்பார். தவிர, நான் சொல்ல ஆரம்பித்ததுமே நீ சிரிப்பாய். காகிதத்தில் என்றால் நீ சிரிப்பது எனக்குக் கேட்காது.

இன்று மதியம் தனியாகப் போய் நான் பெண் கேட்டேன். ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிறவள், போட்டோவைப் பார்த்து “இவளுக்கு என்னடா குறைச்சல், உன்னப் போயி” என்றாயே, அவளைத்தான். அவளோடு எப்படிப் பழக்கம் என்று நீ எத்தனையோ தடவை கேட்டும் நான் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன், இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது. அங்கே மெஷின் ரிப்பேருக்குப் போன அன்று, ‘இயந்திரத்தில் பழுதில்லை, இயக்குபவரிடம்தான்’ என்று ரிப்போர்ட் எழுதி அவளிடமே கையெழுத்துக்கு நீட்டினேன். படித்துவிட்டு, சரி, நீங்களே படுங்கள், யாரிடம் பழுது என்று பார்த்துவிடுவோம் என்று என்னை அந்தக் குழாய்க்குள் அனுப்பி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். விடச் சொல்ல மறந்துவிட்டாள். மைக்கையும் அணைக்காமல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ சினிமாப் பாட்டை முனகிக்கொண்டு பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்தாள். பல்லவி முடிகிற வரைக்கும் நான் மூச்சு விடவில்லை. காதலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் அக்கா, மற்றதெல்லாம் அதற்கப்புறம் நடந்த சாதாரண விஷயங்கள்.

அவள் அப்பா பல் டாக்டர். அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பாவின் தங்கை தையல் கடை வைத்திருக்கிறவர், அந்த வீட்டிலேயே இருக்கிறார், என் விரோதி. விரோதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்த அத்தை வேறொரு மாப்பிள்ளையைக் கையோடு பிடித்து வைத்திருக்கிறார், புதன்கிழமை அந்த வீட்டார் பார்க்க வருகிறார்கள். அதற்குள் பல் டாக்டர் வாயிலிருந்து ‘சரி’ என்று ஒரு சொல் வந்தாக வேண்டும். அதற்கு எனக்கு இருந்தது இன்று ஒரே ஒரு மதியம். “ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாரும் சேர்ந்து படம் பாப்போம். நீயும் வா, அப்படியே பேசிடலாம்” என்று அவள் சொன்னபோது, படம் பார்க்கிற வீடு என்றால் நம்ம ஆட்கள்தான் என்று நினைத்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா. முட்டாள்.

நம் வீட்டில் படம் எப்படிப் பார்ப்போம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் கோளாறின் மூலகாரணம் அங்கேதான் இருக்கிறது. கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதனால் வசனம் ஓடும்போது யார் வேண்டுமானாலும் பேசலாம், சண்டை போடலாம், துணி மடிக்கலாம். பாட்டு வந்துவிட்டால் அப்பாவின் சட்டம், யாரும் வாய் திறக்கக் கூடாது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வருவாள். நீ ஒருமுறை வயலின் வருகிற இடத்தில் தும்மிவிட்டு, மூன்று நாள் அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தாய். உலகத்தில் மனிதர்கள் எல்லாரும் இப்படித்தான் படம் பார்க்கிறார்கள் என்று இருபத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன் அக்கா. நான் படித்தவன். ஸ்கேன் மெஷினைப் பிரித்துப் பூட்டுகிறவன்.

போய் உட்கார்ந்தேன். ஜன்னல் திரையை இழுத்து விட்டார்கள், டீ வந்தது, பிஸ்கட் வந்தது, படம் ஆரம்பித்தது. அண்ணனும் தம்பியும் பிரிந்து மூன்று மணி நேரம் கழித்துச் சேருகிற பழைய படம், அப்பாவிடம் அதன் பாட்டுகள் எல்லாமே இருக்கின்றன, எனக்கு ஒவ்வொன்றும் தலைகீழாகத் தெரியும். டீச்சரம்மா, “கூச்சப்படாதீங்க தம்பி, படம் பாத்துக்கிட்டே பேசலாம்” என்றார். இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷியால் சொல்ல முடியுமா? உடனே ஆரம்பித்துவிட்டேன். என் படிப்பு, வேலை, நம் குடும்பம், உனக்கு எங்கே கல்யாணம் ஆனது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். ஒருவரும் திரும்பவில்லை. அத்தை ரிமோட்டை எடுத்து என் கண் எதிரிலேயே சத்தத்தைக் கூட்டினார். நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவர் இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

முதல் பாட்டு வந்தது. வந்த நொடியில் நான்கு பேரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள். எங்கே தங்கியிருக்கிறீர்கள், சமையல் யார், அப்பாவுக்கு உடம்பு எப்படி என்று அந்த ஆளும் கேட்கிறார், இந்த அம்மாவும் கேட்கிறார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாவு வீட்டில் சீட்டாடுகிறவர்களைப் பார்த்ததுபோல் இருந்தது. சரி, இவர்களுக்கு மரியாதை தெரியவில்லை என்றால் நாமாவது காப்பாற்றுவோம் என்று கையைக் கட்டி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். “காது கேக்காதோ?” என்றார் அத்தை, நிஜமாகவே பரிதாபப்பட்டு. பாட்டு முடிந்ததும் எல்லாருக்கும் சேர்த்து மொத்தமாகப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அப்போது திரையில் கதாநாயகனின் அம்மா செத்துக்கொண்டிருந்தாள். டீச்சரம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி என்னைப் பார்த்த பார்வையை, கணக்கில் சுழி வாங்கின எந்தப் பிள்ளையும் பார்த்திருக்க மாட்டான்.

இதற்கு மேல்தான் நடந்தது. இரண்டாவது பாட்டு. பல்லவி முடிந்து நடுவில் அந்தப் புல்லாங்குழல் வருமே, அப்பா கண்ணை மூடிக்கொள்வாரே, அந்த இடம். பல் டாக்டர் சரியாக அங்கே என் பக்கம் சாய்ந்து, “எங்க பொண்ணுகிட்ட அப்படி என்ன தம்பி பாத்தீங்க?” என்று கேட்டார். நான் திரும்பக்கூட இல்லை. “ஷ். கொஞ்சம் வாய மூடுங்க சார், குழல் வருது.”

அக்கா, ஊர் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிப் பிழைக்கிற மனுஷன் அவர். அவரிடம் போய் வாயை மூடு என்று சொல்லியிருக்கிறேன். அத்தையின் கையில் இருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்தது, அவர் அதை எடுக்கக்கூட இல்லை.

ஸ்கேன்காரி என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பைத்தியமா உனக்கு, பாட்டில் பேசாமல் வேறு எப்போது பேசுவாய் என்றாள். அவர்கள் வீட்டில் காட்சி ஓடும்போது மூச்சு விடக்கூடாதாம், பாட்டு வந்தால்தான் பேச்சாம். அத்தைக்குக் கல்யாணம் பேசி முடித்ததே ஒரு டூயட்டில்தானாம், அது நின்று போனது அதே படத்தில் சோகப் பாட்டிலாம். இதை ஏன் எனக்கு முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“இதுல சொல்ல என்ன இருக்கு? எல்லா வீட்லயும் அப்படித்தான?”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டு வருஷமாகப் பழகுகிறோம், எத்தனையோ படம் சேர்ந்து பார்த்திருக்கிறோம். பாட்டு நேரத்தில் அவள் பேசப் பேச நான் மௌனமாக இருந்ததை, இவன் எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறான் என்று நினைத்துத்தான் என்மேல் ஆசைப்பட்டாளாம். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் நான் கேட்டதில்லை என்பதை அந்தச் சமையலறையில் அவளிடம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. “போய் உக்காரு. ஒரு பாட்டுதான் பாக்கி” என்றாள்.

அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். பல்லவி, இரண்டு சரணம், நாலரை நிமிஷம். முதல் சரணத்தில் மன்னிப்பு, இசை வருகிற இடத்தில் குடும்பம், இரண்டாவது சரணத்தில் அவளைப் பற்றி என்று மனதில் பிரித்துக்கொண்டேன். பாட்டு வந்ததும் ஆரம்பித்தேன். அத்தை கூட்டி வைத்த சத்தம் அப்படியே இருந்ததால் ஜெனரேட்டர் ரூமில் கத்துவதுபோல் கத்த வேண்டியிருந்தது. சார், எனக்குப் பேச வராது, மெஷின்கூடப் பேசிப் பழக்கம், நான் சொன்னது தப்பு, எங்க வீட்ல வளத்தது அப்படி என்று வேகவேகமாகப் போய், முதல் சரணம் முடிகிற இடத்தில் அவள் விஷயத்துக்கு வந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போது பாட்டு நின்றுவிட்டது. படத்தில் இரண்டாவது சரணமே கிடையாது அக்கா. கேசட்டில் இருக்கிறது, படத்தில் வெட்டிவிட்டார்கள். நம் வீட்டில் எல்லாரும் பாட்டை மட்டும்தான் கேட்டிருக்கிறோம், இந்தப் படத்தை யார் பார்த்தோம்? ஊசி விழுந்தால் கேட்கிற அமைதியில், நாலு பேர் நடுவில், என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

“அவ இல்லாத ஞாயித்துக்கிழமைய என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியல சார்.”

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள், காட்சி ஓடிக்கொண்டிருந்ததே. மிச்சம் முக்கால் மணி நேரப் படத்தை அந்த வாக்கியத்தோடு ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன். அண்ணன் தம்பி சேர்ந்தார்கள். பல் டாக்டர் டிவியை அணைத்து, “சரி தம்பி, பாக்கலாம்” என்றார். நோயாளியிடம், இந்தப் பல்லை எடுத்தே ஆகவேண்டும் என்று சொல்வதற்கு முன்னால் சொல்கிற ‘பாக்கலாம்’. ஸ்கேன்காரி வாசல் வரை வந்தாள், செருப்பை எடுத்துக் கொடுத்தாள்.

ஆகவே இது முடிந்த கதை. அப்பாவிடம் பெண் வீட்டைப் பற்றி வாயே திறக்காதே. கிளை மாற்றம் கேட்டு மேனேஜருக்கு எழுதிவிட்டேன், ஸ்கேன் மெஷினே இல்லாத ஊராக இருந்தால் நல்லது என்றும் சேர்த்திருக்கிறேன். அந்தப் பாட்டு என் காதில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உன் பொறுப்பு. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் அன்பு, அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று ஒரு பொய் சொல்லிவிடு.

இப்படிக்கு,
இனி யார் வீட்டிலும் எதையும் கேட்கப் போவதில்லை என்று தீர்மானித்துவிட்ட
உன் தம்பி

பி.கு: தபாலில் போடப் போகும்போது பல் டாக்டர் போன் செய்தார். படத்தில் வெட்டிய அந்த இரண்டாவது சரணம், ரேடியோவில் எப்போதோ கொஞ்சம் கேட்டாராம், எனக்குத் தெரியுமா என்று கேட்டார். சொன்னேன். பாடச் சொன்னார். நடுத்தெருவில் நின்று பாடினேன். பிறகு, “முப்பது வருஷமா இந்த வீட்ல ஒரு பாட்டு முழுசா கேட்டதில்ல தம்பி. வாய மூடுங்கன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல. அப்பாவ எப்பக் கூட்டிட்டு வரீங்க?” என்றார். நான் கத்தியதைக் கேட்ட பிறகு, புதன்கிழமை ஆட்களை அத்தையே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. மேனேஜரை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பா, அம்மா, அத்தான் எல்லாரையும் கிளப்பிக்கொண்டு வரும் ஞாயிறு மதியத்துக்குள் வந்து சேர். கல்யாணத் தேதி குறிக்க வேண்டும், ஆனால் அங்கே படமும் போடுவார்களாம். அந்த வீட்டு வழக்கத்தை அப்பாவிடம் நீதான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். பாட்டு ஓடாத நேரமாகப் பார்த்துச் சொல்.