மாமன் மடியா, சித்தி மடியா?

கீழ்பென்னாத்தூரில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் அண்ணன் அப்பாதுரை அவர்களுக்கு, திருவண்ணாமலையிலிருந்து தங்கை சரோஜா வணங்கி எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே அண்ணியும் கல்யாணப் பெண் அறிவுமதியும் சுகம் என்று அண்ணி போனில் சொன்னார்கள். உங்கள் சுகத்தை விசாரிக்கலாம் என்றால் நீங்கள்தான் என் போனை எடுப்பதில்லையே. அதனால்தான் கடிதம். நான் படித்தது அஞ்சாவது, அதிலும் பாதி நாள் உங்கள் மாட்டைத்தான் மேய்த்தேன். எழுத்துப் பிழை இருந்தால் மாட்டைக் கேளுங்கள்.

என் பேரன் காதுகுத்தில் நடந்ததை நீங்கள் ஊரெல்லாம் வேறு மாதிரி சொல்வதாகக் கேள்வி. நடந்தது இதுதான். மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது நம் வழக்கம். என் மகள் தமிழ்செல்விக்குக் கூடப் பிறந்தது ஒன்றே ஒன்று. பிரகாஷ் என்று பிறந்து, தான் திருநங்கை என்று தைரியமாகச் சொல்லி, இன்றைக்குத் தென்றல் என்ற பேரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடையில் வேலை பார்க்கிறாள். ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு, "மாமன் யாருங்க, வந்து உக்காருங்க" என்றதும் அவள்தான் வந்து உட்கார்ந்தாள். நீங்கள் துண்டை உதறி எழுந்தீர்கள். "இது பொம்பளைன்னு சொல்லிக்குது, அப்ப எப்படி மாமன் ஆவும்?" என்றீர்கள். "அப்பாடா, பொம்பளைன்னு ஒத்துக்கிட்டீங்களே அண்ணா" என்றேன் நான். "நான் எங்க ஒத்துக்கிட்டேன்? அவன் ஆம்பளைதான்!" என்று கத்தினீர்கள். "ஆம்பளைன்னா மாமன்தானேங்க, உக்காரட்டும், நேரம் போவுது" என்றார் ஆசாரி. பந்தலே சிரித்தது. அதற்கு நான் என்ன செய்ய?

அப்புறமும் விட்டீர்களா? என் வீட்டுக்காரரின் அண்ணன் மகன் முருகவேல், அவனும் மாமன் முறைதான் என்று பிடித்து உட்கார வைத்தீர்கள். பேரன் பயல் முருகவேலின் புது வேட்டியில் ஒண்ணுக்குப் போய்விட்டான். நானே பிடிக்கிறேன் என்று நீங்கள் வாங்கினீர்கள், உங்கள் மீசையைப் பிடித்து இழுத்த இழுப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசியில் தென்றல் மடிக்குப் போனான், அங்கேயாவது அடங்கினானா என்றால் அவள் கையைக் கடித்து, அவள் மேலும் ஒண்ணுக்குப் போனான். அன்றைக்கு அந்தப் பந்தலில் எல்லோரையும் சமமாக நடத்தியது அவன் ஒருத்தன்தான் அண்ணா. காது குத்தி முடித்து, கடிபட்ட கையைத் தடவிக்கொண்டே அவள் முதலில் கேட்டது, "மாமா சாப்ட்டாராம்மா?" என்றுதான். நீங்கள் அதற்குள் பஸ் ஏறிவிட்டீர்கள்.

இப்போது அறிவுமதி கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. கூடவே, "எல்லாரும் வாங்க, அது மட்டும் வேணாம்" என்று ஆள் மூலம் சொல்லியும் அனுப்பியிருக்கிறீர்கள். அதுவாம்! உங்கள் வீட்டு நாய்க்கே டைகர் என்று ஒரு பேர் இருக்கிறது. தென்றல் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடையில லீவு தர மாட்டாங்கம்மா, நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். லீவெல்லாம் ஜாஸ்தியாகவே இருக்கிறது, நான் கடைக்காரரிடமே கேட்டுவிட்டேன். வருஷா வருஷம் தீபத்தன்று பாதி ஆணும் பாதி பெண்ணுமாக ஆடி வரும் அர்த்தநாரீஸ்வரரைப் பார்க்கக் கூட்டத்தில் நசுங்கி, கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஆள் நீங்கள். அந்தச் சாமி உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறேன் என்றால், 'அது வேணாம்' என்று சொல்லி அனுப்புவீர்களா? அவள் பேரை எழுதித் தனியாக ஒரு பத்திரிகை அனுப்புங்கள், போதும். இல்லையென்றாலும் நான் வருவேன். ஒரு சின்ன மனக்குறைக்காகச் சொந்தக்காரர் விசேஷத்துக்குப் போகாமல் இருப்பது நல்ல குடும்பத்துக்கு அழகா, நீங்களே சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. மருமகள் அறிவுமதி பூவும் பொட்டுமாக நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். உங்கள் மூட்டுவலிக்கும் கோபத்துக்கும் அண்ணாமலையார் சேர்த்தே ஒரு வழி பண்ணட்டும்.

இப்படிக்கு,
அடங்காத தங்கை சரோஜா

பி.கு.: கவரை ஒட்டப் போனேன், தென்றல் கடையிலிருந்து ஓடி வருகிறாள், அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. நீங்களே அவளுக்குப் போன் செய்தீர்களாமே! ரொம்ப நேரம் இருமினீர்களாம், பக்கத்தில் "சொல்லுய்யா" என்று அண்ணி குரல் கேட்டதாம், அப்புறம், "நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கெல்லாம் ஒரே கலர்ல பொடவ எடுக்கறோம், உங்க அத்த ஜாக்கெட் அளவு கேக்கறா, அனுப்பி வைம்மா" என்றீர்களாம். அந்த 'ம்மா'வை எனக்கு இதுவரை பத்துத் தடவை பேசிக் காட்டிவிட்டாள். ஆகையால் மேலே எழுதியதெல்லாம் அடித்தல். ஆனால் ஒன்று அண்ணா, கூடப் பிறந்தவள் நான் ஒருத்தி இருக்கிறேனே, என் ஜாக்கெட் அளவை யார் கேட்டீர்கள்? கல்யாணத்துக்கு நான் வரவே மாட்டேன்.