ஈறு ஸ்கேனுக்கு ஒன்றரை லிட்டர்

வாழ்நாளில் ஒரே ஒரு தடவை ஸ்கேன் எடுத்துக்கொண்டு, அன்றிலிருந்து ஊருக்கே ஸ்கேன் நிபுணராகிவிட்ட ஒரு ரகம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் பெரிய கவரைக் கண்டதும், "கொண்டாங்க பாப்போம்" என்று உரிமையோடு வாங்கி, படத்தை உருவி, ஜன்னல் வெயிலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைச் சுருக்கி, தலைகீழாகப் பிடித்திருப்பதையும் அறியாமல், "ஒண்ணுமில்ல, நார்மல்" என்று தீர்ப்புச் சொல்வாரே, அவரேதான்.

பந்தல்குடி ரோட்டில் பம்புசெட் சாமான் விற்கும் தனுஷ்கோடி இந்த ரகத்தில் முதல் தரம். ஆறு வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகக் கல்லுக்காக அவர் வயிற்றை ஸ்கேன் பார்த்தார்கள். கல் போய்விட்டது. ஞானம் தங்கிவிட்டது.

அப்பேர்ப்பட்டவருக்குக் கீழ்வரிசை முன்பல் நாலும் ஆடத் தொடங்கின. துலக்கினால் ரத்தம். முறுக்கைப் பார்த்தால் பயம். அருப்புக்கோட்டையில் பல் டாக்டர் ஷஹீனா மெல்லிய கம்பியை ஈறோரம் விட்டு ஆழம் பார்த்தார்.

"ஈறு பல்ல விட்டு வெலகுது ஐயா. உள்ள சுத்தம் பண்ணணும், நீங்க புகையிலைய விடணும். இல்லேன்னா நாலும் விழுந்துரும்."

தனுஷ்கோடி சிரித்தார். "குத்துனா எந்த ஈறுலதான் ரத்தம் வராது? ஸ்கேன் எடுத்துக் காட்டுங்க தாயி, நம்புறேன்."

ஈறுக்கு ஏது ஸ்கேன் என்ற தைரியம்தான். அந்தத் தைரியத்தில் இரண்டு மாதம் ஓடியது. புகையிலையும் ஓடியது. ஒருநாள் டாக்டரே போன் செய்தார். ஈறையும் அதற்கடியில் பல்லைத் தாங்குகிற எலும்பு விளிம்பையும் பார்க்கிற அல்ட்ராசவுண்ட் மிஷின் ஒன்றைப் பல் கல்லூரிக்காரர்கள் சோதனைக்காகக் கொடுத்திருக்கிறார்களாம். நாளைக்கு வரச் சொன்னார்.

மறுநாள் காலை தனுஷ்கோடி இட்லியைத் தள்ளி வைத்தார். ஒன்றரை லிட்டர் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார். மனைவி முருகலட்சுமிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏங்க, வாய்க்குத்தான படம் எடுக்காக? அதுக்கு எதுக்கு ஒண்ணுக்க அடக்கணும்?"

"ஒனக்கு ஸ்கேனப் பத்தி என்ன தெரியும்? முட்டிக்கிட்டு நின்னாத்தான் படம் தெளிவா விழும். கல்லுக்கு எடுத்தப்பவே சொன்னாக."

"பல்லு தெரியுறதுக்கு முந்தி வேற எதுவும் தெரிஞ்சுறாமப் பாத்துக்கங்க."

பந்தல்குடிக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவில் எத்தனை வேகத்தடை? இத்தனை வருஷம் போய்வந்தவருக்கு அன்றைக்குத்தான் கணக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டார். கிளினிக்கில் முக்கால் மணி நேரம் காலைப் பின்னி உட்கார்ந்திருந்தார். பெயரைக் கூப்பிட்டதும் போய்ச் சாய்ந்து, சட்டையை நெஞ்சுவரை சுருட்டி வயிற்றைக் காட்டினார்.

"சட்டைய எறக்குங்க ஐயா," என்றார் ஷஹீனா. "வாயத் தொறங்க."

விரல் நுனி அளவுக் கருவியில் பசையைத் தடவி, ஈறின்மேல் வைத்து நகர்த்தினார். வலியில்லை, குத்தலில்லை. திரையில் சாம்பல் நிறத்தில், பெய்யாமல் போகிற மேகம் மாதிரி ஏதோ மிதந்தது. கருவி வாயைவிட்டு வந்ததுதான் தாமதம், தனுஷ்கோடி முந்திக்கொண்டார்.

"பாத்தீகளா, வெள்ளக்கோடு எம்புட்டுப் பளிச்சுன்னு ஓடுது! நார்மல்."

"அது எலும்போட விளிம்பு ஐயா. பல்லுக் கழுத்துக்கிட்ட இருக்க வேண்டியது. எவ்வளவு கீழ எறங்கிக் கெடக்கு பாருங்க. மேல கறுப்பா இருக்கே, அது ஈறு வீக்கம். இந்தா, உங்க ஓரத்துப் பல்லு. இது நல்லா இருக்கு. ரெண்டையும் சேத்துவச்சுப் பாருங்க."

பார்த்தார். வெயிலுக்குத் தூக்கிப் பிடிக்க வழியில்லாத, நேராக நிற்கிற படம். அவருக்கே விளங்கியது. வேறொரு நாளாக இருந்தால் மிஷின் எந்தக் கம்பெனி, டாக்டருக்கு என்ன வயசு, மதுரையில் ஒரு தடவை காட்டிப் பார்த்தால் என்ன என்று அரைமணி நேரம் வாதாடியிருப்பார். அன்றைக்கு அரை நிமிஷம்கூட அவர் கையில் இல்லை.

"இன்னிக்கே சுத்தம் பண்ண ஆரம்பிக்கலாமா?"

"ஆரம்பிங்க."

"புகையில?"

"விட்டாச்சு."

"மூணு மாசம் கழிச்சுத் திரும்ப ஒரு..."

"வாரேன் தாயி, கட்டாயம் வாரேன். பாத்ரூம் எந்தப் பக்கம்?"

ஒரு டாக்டர் சொன்னதை அவர் மறுபேச்சில்லாமல் கேட்டது அந்த ஒருதடவைதான். அதற்குக் காரணம் அறிவு இல்லை, அவசரம். மூன்று மாதம் கழித்துத் திரையில் கறுப்பு வடிந்திருந்தது. கரைந்த எலும்பு கரைந்ததுதான். மூன்று பல் நிலைத்துவிட்டது. நாலாவதை, "ரெண்டு மாசம் முந்தி ஆரம்பிச்சிருந்தா இதுவும் நின்னிருக்கும்" என்று சொல்லியே எடுத்தார் ஷஹீனா. தனுஷ்கோடி வாதாடத்தான் பார்த்தார். வாயில் பஞ்சு இருந்தது.

அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள், தப்பில்லை. ஆனால் பல் ஆடுகிறது என்று படித்த இடத்திலேயே உங்கள் நாக்கு சத்தமில்லாமல் கிளம்பிப்போய்க் கீழ்வரிசையை ஒவ்வொன்றாக நெட்டிப் பார்த்ததே, கவனித்தீர்களா? 'நமக்கு அப்படியெல்லாம் இல்லை' என்று முடிவும் சொல்லிவிட்டுத்தானே மேலே படித்தீர்கள்? மிஷின்கூட இவ்வளவு சீக்கிரம் ரிப்போர்ட் கொடுப்பதில்லை.