முட்டிக்குச் சூடு, மூன்று இலவசம்

எனக்கு எழுத்துத் தெரியாது. அதற்காகக் கடையில் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிற ஆளில்லை நான். படம் பார்த்தே வாங்கிவிடுவேன். ("பூப் படம் பாத்து, தரை கழுவுறதுல தலை குளிச்சீங்களே, அதையும் எழுதவா?" என்கிறாள் இதை எழுதித் தருகிற பேத்தி. வேண்டாம்.)

என் வலது முட்டியை மாற்ற எட்டு மாதம் காத்திருந்து தேதி கிடைத்தது. அடுத்த தைப்பூசத்துக்குச் சிராங்கூன் ரோட்டிலிருந்து பால்குடம் தூக்கி முருகன் கோயிலுக்கு நடந்தே போவதாக வேண்டுதல். போன தடவை பாதி வழியில் டாக்ஸி பிடித்ததை என் மருமகள் எங்கள் பேட்டை தோ பாயோ முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

சர்க்கரை கூட இருந்ததால் முந்தின நாள் காலையிலேயே வார்டில் சேரச் சொன்னார்கள். வெறுங்கையோடு போகலாமா? நோயாளியே ஆனாலும் பக்கத்துக் கட்டிலுக்கு ஏதாவது கொடுக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. லிட்டில் இந்தியாவில் ஒரு கடை வாசலில் குவித்திருந்தார்கள்: முட்டியில் கட்டுகிற பட்டை, பிளக்கில் மாட்டினால் சூடாகும். ஒன்று வாங்கினால் மூன்று இலவசம். பெட்டியில் வெள்ளைத் தொப்பி போட்ட நர்ஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகென்ன, மருத்துவமனைச் சாமான்தானே.

வார்டில் நாலு கட்டில். சீனப் பாட்டிக்கு ஒன்று, மலாய்க்கார அம்மாவுக்கு ஒன்று, ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு ஒன்று. அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுப் பெட்டியை நாலு பக்கமும் திருப்பினார்.

"இதில பாதுகாப்பு முத்திரை ஒண்டும் இல்லையே."

"நர்ஸம்மா படமே போட்டிருக்கு. அதுக்கு மேல என்னங்க முத்திரை?" என்றேன். (படித்தவர்களுக்கு எதிலும் சந்தேகம்.)

மற்றவர்களுக்கு வழி காட்ட, முதலில் நானே கட்டி மாட்டினேன். சுகமென்றால் அப்படியொரு சுகம். கண் அசந்துவிட்டேன். விழித்தபோது பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம், போர்வைக்குள் புகை. தஞ்சாவூர்ப் பக்கத்து நர்ஸ் ஓடிவந்து வயரைப் பிடுங்கினாள்.

"என்ன பாட்டி இது?"

"உங்க சாமான்தாம்மா. இந்தா, உங்க ஆளு."

படத்தைப் பார்த்தாள். "பாட்டி, இங்க யாருக்கும் தொப்பியே கிடையாது."

முட்டியில் மசால்வடை அளவுக்குக் கொப்புளம். மீதி மூன்றையும் இரண்டு பேர் கையுறை போட்டு, பாம்பு பிடிக்கிறவர்கள் மாதிரி பைக்குள் போட்டுக் கொண்டுபோனார்கள். டாக்டர் வந்து ஆங்கிலத்தில் நிறையச் சொன்னார். என் மகன் சுருக்கமாகத் தமிழ்ப்படுத்தினான்: "தோல் வெந்துபோச்சும்மா. நாளைக்கு அறுக்க முடியாதாம். புண் ஆறி, புது தேதி வாங்கணும்."

புது தேதி தைப்பூசத்துக்குப் பிறகுதான் கிடைத்தது. இந்தத் தடவை டாக்ஸியைப் பாதி வழியில் பிடிக்கவில்லை, வீட்டு வாசலிலேயே பிடித்தோம். பால்குடம் என் மடியில். மருமகள் முன் சீட்டில், வாயை மூடிக்கொண்டு. (அதுதான் ரொம்பச் சுட்டது.)

புண் ஆறியதும் நேராகக் கடைக்குப் போனேன். குவியல் அப்படியே இருந்தது. இப்போது ஐந்து இலவசம்.

"தம்பி, உங்கம்மா முட்டிக்கு இதக் கட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல், இந்த ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா'வும் போட்டுச் சொன்னார். "எங்கம்மாவா? அவங்க நல்ல கடையிலதான் வாங்குவாங்க லா."

கூட வந்த மகன் அங்கேயே சிரிக்க ஆரம்பித்தவன்தான். இன்றைக்கும் நான் ஏதாவது மலிவாகக் கிடைத்தது என்று பையைத் திறந்தால், மகன், மருமகள், பேத்தி மூன்று பேரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்: "எங்கம்மா நல்ல கடையிலதான் வாங்குவாங்க லா."