பெட்டி காட்டாத மின்சாரம்

அந்த அலைவுகாட்டியை வடிவமைத்த ஏழு பொறியியலாளர்களே, எங்கள் இஞ்சினியர் ஐயாவைக் கொல்லப் பார்த்தவர்கள் நீங்கள்தான். விளக்கப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கழுத்துப்பட்டியும் சிரிப்புமாக வரிசையில் நிற்கிறீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தின் பட்டறை ஒன்றில் நான் தற்காலிக வேலைக்காரன். (தற்காலிகம் என்றால், தும்மினாலும் வீட்டுக்கு அனுப்பலாம்.) இழுவைப் படகு ஒன்றின் ரேடியோ பழுதாகி வந்தது. அலைவுகாட்டி என்பது மின்சாரத்தின் அசைவைத் திரையில் பச்சைக் கோடாக வரைந்து காட்டும் இரும்புப் பெட்டி. அதன் கவ்வியை ரேடியோவின் உடம்பில் மாட்டினேன். பியூஸ் போனது. புதிது போட்டு மாட்டினேன். அதுவும் போனது.

பட்டறையில் எனக்கு மூத்தவர் கிண்ணியா நசீர் நானா. "பெட்டியின் எர்த் வயரை வெட்டிவிடு தம்பி. பிறகு பியூஸ் போகாது," என்றார்.

வெட்டினேன். போகவில்லை. நிலத்துக்குப் போக வழியில்லாமல் ரேடியோவின் மின்சாரம் பெட்டி முழுக்க ஏறிவிட்டது, அவ்வளவுதான். தொடாமல் வேலை செய்யப் பழகு என்று சொல்லிவிட்டு நானா தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து இஞ்சினியர் ஐயா மழையில் நனைந்தபடி உள்ளே வந்தார். பச்சைக் கோட்டைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"இதைச் செய்தவங்கள் மனுசர் ஐசே," என்று, மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல ஈரக் கையை நீட்டினார்.

சுவிட்ச் அவருக்குப் பின்னால். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவரே போவார். பாய்ந்து அவர் இடுப்பைப் பிடித்துத் தள்ளினேன். இருவரும் கயிற்றுக் குவியலில் விழுந்தோம்.

"உனக்கென்ன விசரா?"

"பூரான் ஐயா. உங்கட கைக்குக் கிட்ட."

ஐயா கதிரையில் ஏறிவிட்டார். பட்டறையே பூரான் தேடியது. நான் தவழ்ந்து போய்ச் சுவிட்சை அணைத்தேன்.

உயிரைக் காத்தவன் என்று ஐயா என் வேலையை நிரந்தரமாக்கினார். (காத்தது பொய்யா?) இன்றும் நான் ஏதாவது சாட்டுச் சொல்லி நழுவத் தொடங்கினால், "பூரான் வருது, காலைத் தூக்குங்கோ," என்று என் மனைவி பிள்ளைகளிடம் சொல்கிறாள்.

சிரிக்கட்டும். ஆனால் ஏழு பேரே, ஒரு ஆள் சாகும் அளவுக்கு மின்சாரம் பெட்டியில் ஏறி நின்றது. உங்கள் கோடோ ஒன்றும் தெரியாததுபோல ரேடியோவின் அலையை அழகாக வரைந்துகொண்டிருந்தது. மின்சாரத்தைக் காட்டவென்றே செய்த கருவி, தன் உடம்பில் ஏறியதை மட்டும் ஏன் காட்டவில்லை? எர்த் வயரை வெட்டவும் உலகத்தில் ஆட்கள் இருப்பார்கள் என்று உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையா? யாராவது ஒருவர், பெயரைப் போட்டு, எல்லோரும் வாசிக்கப் பத்திரிகையில் பதில் சொல்லுங்கள்.