சிப்பிக்கு இன்னொரு அபிப்பிராயம்

நம்மிடையே அபிப்பிராயம் கேட்பவர் என்றோர் இனம் உண்டு. "சும்மா, உங்க அபிப்பிராயம் கேக்கலாம்னு..." என்று தலையைச் சொறிந்துகொண்டே வருவார். நம்பிவிடாதீர்கள். பதிலை வீட்டிலேயே சமைத்துக் கையோடு கொண்டுவந்திருக்கிறார். நீங்கள் ருசி பார்த்து 'பிரமாதம்' என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் அந்த இனத்தில் அசல் வித்து. விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போனவர், ஈர மணலில் ஒரு சிப்பியைக் கண்டெடுத்தார். விசிறியை விரித்தாற்போல வரிவரியாக மேடு, ஊதா நிறம், அடியில் காதுபோல இரண்டு மடல்கள்; ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அந்தச் சின்னக் காதைப் பார்த்த கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது, இது உலகம் காணாத சிப்பி என்று. புது இனத்துக்குக் கண்டுபிடித்தவர் பெயரையே வைப்பார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். அப்புறம் தூக்கம் ஏது?

"இது என்னவா இருக்கும்?" என்று மனைவியைக் கேட்டார்.

"சிப்பி," என்றாள் அவள்.

அன்று ராத்திரிச் சாப்பாடு வரை அவளோடு பேசவில்லை.

மனைவியின் தம்பி கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். சிப்பியை வாங்கிக்கொண்டு போய், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அருங்காட்சியகத்து இழுப்பறைகளைத் துழாவி, மேடுகளை எண்ணி, ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டு, தும்மிக்கொண்டே திரும்பி வந்தான்.

"விசிறிச் சிப்பிதான் அத்தான். இந்தப் பக்கம் அதிகம் ஒதுங்காது, அதான் புதுசா தெரியுது. ஏற்கெனவே பேர் வெச்ச வகை."

"காது?"

"இந்த வகைக்கு ஒரு காது சின்னதாதான் இருக்கும்."

"நீ சரியா பாக்கல."

"பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தேன் அத்தான்!"

"அது என் கடையில வாங்கினதில்லையே."

செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான். அப்புறம் வாசல் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

இதற்கெல்லாம் அசருகிற இனமா அது? முடி வெட்டுபவர், வங்கிக் காசாளர், மாடி வீட்டுப் பல் டாக்டர் என்று ஆள் விடாமல் கேட்டார். சொல்லிவைத்தாற்போல எல்லாரும் "விசிறி மாதிரி இருக்கே" என்றார்கள். பொறாமை, வேறென்ன? கடைசியில் கண் சோதனைக்கு வந்த ஒரு பெரியவர், கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்த நிலையில், சிப்பியை மூக்கருகே தூக்கிப் பிடித்து, "இப்படி ஒண்ண நான் ஜென்மத்துல பாத்ததில்ல!" என்றார்.

"அப்படிச் சொல்லுங்க!" என்று துள்ளி எழுந்தார் கடைக்காரர். பெரியவருக்குக் கண்ணாடிக் கூடு இலவசம்.

வெற்றிச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மனைவி சிரிக்கவில்லை.

"கண்ணு தெரியாத மனுஷன் சொன்னது வேதம், என் தம்பி சொன்னது பொய்யா? அவன் பொண்ணுக்கு நாளைக்குப் பிறந்தநாள். நம்மளக் கூப்பிடல." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. உண்மையிலேயே சுருக்கென்றது. உடனே மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, நான் அன்னிக்குப் பேசினது தப்புன்னு உங்க அக்கா சொல்றா. நீ என்ன நினைக்கிற?"

"தப்புதான் அத்தான்."

கடைக்காரர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நீ இன்னும் கோபத்துல இருக்கே. நான் வேற யாரையாவது கேட்டுப் பாக்கறேன்."

பிறந்தநாளுக்கு அக்கா மட்டும், கூப்பிடாமலே போய்வந்தாள்.

சிரிக்கிறீர்கள். 'சே, நான் அப்படியில்லை' என்றும் சொல்லிக்கொள்கிறீர்கள். எதற்கும் ஒருமுறை யாரையாவது கேட்டுத் தெளிந்துகொள்ளுங்களேன். அடடா, அதற்குள் மனசுக்குள் ஆள் தேட ஆரம்பித்துவிட்டீர்கள்! உள்ளதை உள்ளபடி சொல்லிவிடக்கூடிய ஒருவரை இப்போதுதான் சத்தமில்லாமல் தாண்டிப் போனீர்கள், இல்லையா?