அர்ச்சுனனுக்குச் செய்த வில்

கற்றுக்கொள்ளப் போகிறவன் வெட்கத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும். நான் அதையும் வேட்டி சட்டையோடு மூட்டை கட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போனவன். அதனால் ஒரு நாடகம் நாசமாயிற்று, ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. கல்யாணம் என்னுடையது என்பதுதான் இதில் விசேஷம்.

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்களுக்கு ஒரு நாடகக் குழு. அதன் தலைவர், கதாநாயகன், கோபக்காரர் எல்லாம் கோவிந்தசாமி ஒருவரே. மேரியில் (நகரசபை ஆபீசை அப்போது அப்படித்தான் சொல்வோம்) குமாஸ்தா. அவருக்கு ஜெகதா என்று ஒரு தங்கை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும். இதை அவளிடம் சொல்லத் தைரியம் இல்லை, அவரிடம் சொல்லத் தெம்பு இல்லை. ஆனால் ஒன்று, அவரை ஒரு நாளும் 'அண்ணே' என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் ஜெகதா எனக்கும் தங்கை ஆகிவிடுவாளே! 'முசியே' என்று பிரெஞ்சில் கூப்பிட்டுத் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் திரௌபதியின் சுயம்வரத்தை நாடகமாகப் போட்டோம். அர்ச்சுனன் வேஷத்தில் கோவிந்தசாமி வந்து, மூங்கிலில் ஜிகினா ஒட்டிய வில்லைத் தொட்டதுமே அது படக்கென்று முறிந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"நெஜமான வில்லு ஒண்ணு கொண்டாறவனுக்கு என்னா கேட்டாலும் தரேன்டா!" என்று ஒட்டுத்தாடியைப் பிய்த்து வீசிக் கத்தினார் அவர்.

என்ன கேட்டாலும்! நான் மேஜை நாற்காலி செய்கிற கடையில் கணக்கு எழுதுகிறவன். நாளெல்லாம் மரத்தூளை மூச்சில் இழுத்தால் தச்சு தானாக வந்துவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு. "நானே போயி கத்துக்கினு, செஞ்சு எடுத்தாறேன் முசியே" என்று சொல்லிவிட்டேன்.

கள்ளக்குறிச்சி வரை பஸ். அப்புறம் மலையில் கால் கடுக்க நடை. அந்தப் பக்கத்தில் வில் என்றால் சடையன், வெள்ளச்சி தம்பதியைத்தான் கைகாட்டினார்கள். இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும்.

"யாரு இழுக்கப் போற வில்லு?" என்று கேட்டார் சடையன்.

"அர்ச்சுனன்."

"எந்த அர்ச்சுனன்?"

"பஞ்சபாண்டவர்ல வராரே, அவருதான்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாடகம், வேஷம், கொட்டகை என்று நான் விளக்கியதெல்லாம் அவர்கள் காதில் ஏறவே இல்லை. "அவரு கைக்குப் போறதுன்னா ஏனோதானோன்னு செய்ய முடியுமா?" என்றார் வெள்ளச்சி. தங்களுக்கென்று நிழலில் காயப்போட்டிருந்த தடசு மரக் கட்டையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதலில் பழகக் கொடுத்த கட்டையை நான் செதுக்கிய அழகில் அது நேரே அடுப்புக்குப் போயிற்று. அடுத்ததும் அப்படியே. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்குப் பிடிபட்டது. நடுவில் பிடித்து வளைத்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைய வேண்டும். ஒரு பக்கம் முரண்டு பிடித்தால் அதை மட்டும் ஒரு சீவல் சீவி, மறுபடி வளைத்துப் பார்க்க வேண்டும். இப்படியே பொழுதுபோய்விடும். அவசரப்படுகிறவனுக்கு அங்கே வேலை இல்லை. நான் வாழ்க்கையில் பொறுமையாக இருந்த நாட்கள் அவைதான் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். (பாதி நேரம் ஜெகதாவை நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.)

வில் முடிந்தது. ஆத்தி மர நாரில் திரித்த நாணை ஏற்றுவது வெள்ளச்சியின் பொறுப்பு. "நல்லா பாத்துக்க தம்பி, இதுதான் முக்கியம்" என்று சொல்லி, சேலையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார்.

நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிரே இருந்த பலாமரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். அடுத்தவர் பெண்டாட்டி, அதுவும் புருஷன் பக்கத்தில் நிற்கும்போது, எப்படி ஐயா பார்ப்பது? திரும்பியபோது நாண் ஏறியிருந்தது.

"பாத்துக்கிட்டியா?"

"பாத்தேங்க்கா."

அந்தப் பலாமரத்தை இன்றைக்குக் கேட்டாலும் கிளை கிளையாகச் சொல்வேன். வெள்ளச்சி நாணைக் கழற்றி ஒரு முனையில் தொங்கவிட்டுக் கொடுத்தார். எப்போதும் ஏற்றியே வைத்தால் மரம் சோர்ந்துவிடுமாம், வேளை வரும்போது ஏற்றினால் போதுமாம்.

மழையில் பஸ் தவறி, நான் புதுச்சேரி வந்து சேர்ந்தபோது, அதே நாடகத்தை மறுபடி போடுவது அன்று சாயங்காலமே என்று ஆகிவிட்டது. எல்லோரும் அரிதாரம் பூசி உட்கார்ந்திருந்தார்கள். கோவிந்தசாமி வில்லை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இதான்டா வில்லு!" என்று என் தோளைத் தட்டினார். கல்யாணப் பத்திரிகையே அடித்துவிட்டேன் மனசுக்குள்.

கதைப்படி முதலில் துரியோதனன் வந்து, நாணேற்ற முடியாமல் தோற்றுப் போக வேண்டும். துரியோதனனாக வந்த அரிசி மண்டிக்காரர் முக்கினார், முனகினார், கழுத்து நரம்பு புடைத்தது. அடடா, என்ன நடிப்பு! அடுத்து கர்ணன். அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். இன்னும் பிரமாதம். நான் ஓரத்தில் நின்று கைதட்டினேன். உள்ளே வந்த கர்ணன் மூச்சிரைக்க என்னைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், இது வில்லா உத்தரமா? நெஜமாவே வளையலய்யா!"

நான் மேடைப் பக்கம் ஓடினேன். அதற்குள் பிராமண வேஷத்தில் அர்ச்சுனன் மேடைக்குப் போய்விட்டார். ராகத்தை இழுத்துப் பாடி, வில்லை எடுத்து, வளைத்தார். அது வளைந்தால்தானே! இன்னொரு தரம் மூச்சைப் பிடித்து அமுக்கினார். வில் கையிலிருந்து நழுவித் துள்ளியதில் அவருடைய ஒட்டுத்தாடி பறந்து மிருதங்கக்காரர் மடியில் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு, அம்பு விட்டாயிற்று என்று நினைத்த மேலே இருந்த ஆள் கயிற்றை விட்டுவிட, குறிக்காகத் தொங்கவிட்டிருந்த மரமீன் தொபீரென்று துருபத மகாராஜாவின் காலடியில் விழுந்தது. கோவிந்தசாமி என்ன செய்வதென்று தெரியாமல், பாட்டை மறுபடி முதலிலிருந்து பாட ஆரம்பித்தார்.

"வில்லுக்கே மாலய போடும்மா! அதான் ஜெயிச்சிது!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

திரௌபதி வேஷம் கட்டிய தபாலாபீஸ் ஆள் பாவம், கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றவர், வில்லுக்கே மாலையைப் போட்டுவிட்டார். திரை விழுந்தது.

எனக்குச் சடையன் மேலும் வெள்ளச்சி மேலும் கோபம் வரவில்லை. நாங்கள் சாயம் பூசிச் சொன்ன பெயரை அவர்கள் அப்படியே நம்பினார்கள். அர்ச்சுனன் வருவான் என்று நினைத்து நல்ல மரத்தைக் கொடுத்தார்கள். எங்களிடம்தான் ஆள் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கோவிந்தசாமி வில்லைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் மனசு தெரிந்த அம்மா, நாடகத்தில் நடந்தது தெரியாமல் பெண் கேட்டுப் போக, "உங்க புள்ளையே வந்து அதுல நாணேத்தட்டும். அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் போனோம். அவர் வீட்டு முற்றத்தில் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. கும்பிட்டு உருளாததுதான் பாக்கி. கடைசியில் சறுக்கி, தண்ணீர்த் தொட்டியில் முதுகை இடித்துக்கொண்டு, தண்ணீர் தளும்பி மேலே கொட்ட, உட்கார்ந்துவிட்டேன். ஜெகதா கிடைக்கமாட்டாள் என்பது அப்போது உறுதியாகத் தெரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சமையலறையிலிருந்து ஜெகதா வந்தாள். "கொஞ்சம் தள்ளுங்க" என்றாள். கொசுவத்தைச் செருகிக்கொண்டு, வில்லுக்கும் நாணுக்கும் நடுவே ஒரு காலை விட்டு, கீழ்முனையை மற்ற கணுக்காலில் தாங்கி, தொடைக்குப் பின்னால் வில்லை ஒரு அழுத்து அழுத்தினாள். நாண் போய் உட்கார்ந்தது.



"யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார் கோவிந்தசாமி.

"யாரும் இல்லண்ணே. நீ ஆபீசுக்குப் போனப்புறம் டெய்லி போட்டுப் பாத்தேன். நேத்துதான் வந்துச்சி."

"நீ எதுக்கு பழகுன?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் அவள் போன வாசலையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், தொட்டியடியில் நனைந்து உட்கார்ந்திருந்த என்னை. "எழுந்திருங்க மாப்ள" என்றார்.

இப்போது பேத்திகள் வீட்டுக்குக் கூட்டிவருகிற சிநேகிதிகள் கேட்பார்கள்: "பாட்டி, உங்களுது லவ் மேரேஜா, அரேஞ்சுடா?"

"ரெண்டும் இல்லடி, சுயம்வரம்" என்பாள் ஜெகதா, என்னைப் பார்க்காமலே. "இவருக்காக வெச்சது. போட்டிக்கு வந்தது நான் ஒருத்திதான்."