லில்லியம்மா போன முகூர்த்தம்

நிச்சயதார்த்தத்தன்று லேப்டாப்பைத் தொடவே மாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்தேன். செய்யும்போதே அது என் கட்டிலில் திறந்துதான் கிடந்தது.

அப்போது நான் பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. குறைகடத்திக்குள் தலைமயிரைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய ஓர் அடுக்கில் எலக்ட்ரான்களை அடைத்து, கடுங்குளிரில், பெரிய காந்தத்துக்குள் வைத்தால், அவை கூட்டுச்சேர்ந்துகொண்டு எலக்ட்ரானே மூன்றில் ஒரு துண்டாகிவிட்டதுபோல் நடிக்கும். (இதற்குப் பின்ன குவாண்டம் ஹால் நிலை என்று பெயர். பெரியப்பா இன்றுவரை அதைக் கல்யாண ஹால் என்றே நினைக்கிறார்.) அந்த நிலை எவ்வளவு சூடு தாங்கும் என்பதுதான் என் ஆய்வு. அநேகமாகத் தாங்காது.

கடைசி அளவீடு பாக்கி. காரிமங்கலத்து வீட்டில் சித்தி புடவைக்குக் கொசுவம் வைக்க, நான் பெங்களூர்க் காந்தத்தை லேப்டாப்பில் ஓட்டிக்கொண்டிருந்தேன். காந்தப்புலம் ஏறும் வேகம் 0.05 என்று கொடுக்க வேண்டும். புள்ளி விழவில்லை; வேகம் ஐந்தாகிவிட்டது. ‘நிச்சயமா?’ என்று கேட்டது கணினி. வீடே நிச்சயத்துக்குத்தானே கூடியிருக்கிறது? ஆமாம் என்று அழுத்திவிட்டேன்.

பத்து நிமிடத்தில் போன். எனக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருந்த வருங்கால மாமியாரே ஸ்பீக்கரில் போட்டார். ஆய்வகத் தோழி நிஷாவின் குரல் உடைந்திருந்தது.

“ஹீலியம் போயிடுச்சு. கண்ணு முன்னாடியே. ஒண்ணும் பண்ண முடியல.”

அந்த வேகம் தாங்காமல் காந்தம் சூடேறி, அதைக் குளிர்வித்த ஹீலியம் மொத்தமும் ஆவியாகியிருந்தது. நான் பெருங்குரலெடுத்து அழுதேன். மாமியார் கூடத்துக்குப் போய் மெதுவாகச் சொன்னார்: “கொஞ்சம் இருங்க. பொண்ணுக்கு வேண்டியவங்க, லில்லியம்மாவாம், போயிட்டாங்களாம்.”

மேளம் நின்றது. “எதிர்வூட்டு லில்லி டீச்சரா? காலையிலகூட பால் வாங்கிட்டிருந்தாங்களே” என்று அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். தட்டு மாற்றுவதை வேறு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றார் மாப்பிள்ளையின் மாமா. பாலக்கோட்டிலிருந்து வந்த சீர்த்தட்டுகள் திரும்ப வேனேறத் தொடங்கின. அப்பா மாலை வாங்க ஆளனுப்பிவிட்டார்.

அப்போதுதான் லில்லி டீச்சர் பட்டுப்புடவையும் பரிசுப் பொட்டலமுமாக உள்ளே வந்தார்.

“நேரமாயிடுச்சுங்களா?”

மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஹீலியம் ஒரு வாயு என்று நான் விளக்க வேண்டியதாயிற்று. அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை, “பலூன்ல அடைப்பாங்களே, அதுங்களா?” என்றார். தலையாட்டினேன். முதலில் சிரித்தவர் அந்த மாமாதான். தட்டுகள் வேனிலிருந்து இறங்கின.

ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போனது. ஆனால் இன்று எந்த விசேஷத்துக்கு நான் போகாவிட்டாலும் மாமியாரே சமாளித்துவிடுகிறார்: “மருமவ வரலைங்க. லில்லியம்மாவுக்குக் காய்ச்சலாம்.” ஆய்வகத்து ஹீலியக் குளிர்கருவி சூடேறும் நாட்களில் அது பொய்யும் இல்லை.